உதாரணத்துக்குப் போட்ட எண்

சிவரஞ்சனி எழுதுவதை மனிதர்கள் யாரும் படிப்பதில்லை. கீரனூரில் அவள் புகுந்த வீட்டுத் தெருவில் இதைச் சொன்னால், "அப்பறம் எதுக்கும்மா எழுதுற?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இப்போது கம்ப்யூட்டருக்குள் ஏஜென்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டு சொல்வதைப் போல வாயால் சொன்னால் போதும், செய்து முடித்துவிடும். ஆனால் அதற்கு ஊர் உலகம் தெரியாது. மெயில் அனுப்ப ஒரு கருவி, தேதி குறிக்க ஒரு கருவி, நகல் எடுக்க ஒரு கருவி என்று அதன் பக்கத்தில் அடுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது கையை வைக்கவே கூடாது என்று யாராவது எழுதியும் வைக்க வேண்டும். திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் உட்கார்ந்து அதை எழுதுகிறவள் சிவரஞ்சனி. தினமும் கீரனூரிலிருந்து பஸ் ஏறிப் போய் எழுதிவிட்டு வருகிறாள்.

அவள் எழுதியதை ஏஜென்ட் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். இதில் அவளுக்கு ஒரு பெருமை கூட இருந்தது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற இடத்தில் நம் பேச்சை ஒரு வரி விடாமல் கேட்கிறது யார், சொல்லுங்கள்! அந்தப் பெருமையெல்லாம் மாசி மாதத்தோடு போயிற்று.

நடந்தது இதுதான். அந்தக் கம்பெனியின் தொழில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் போன்ற இடங்களுக்கு மெயில் அனுப்பிக் கொடுப்பது. ஒரே மாதிரிக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம் என்று டெம்ப்ளேட் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருப்பார்கள். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழைய டெம்ப்ளேட்டை நகல் எடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைதான். அந்த நகல் கருவிக்குக் குறிப்பு எழுதச் சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவரஞ்சனியிடம் வந்து நின்றார் டீம் லீட் எழிலரசன். அன்றைக்கே வேண்டும் என்றார். எல்லாமே அவருக்கு அன்றைக்கே வேண்டும்.

குறிப்பில் ஓர் உதாரணம் கட்டாயம் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஓர் எண் வேண்டும். பொய்யான எண்ணாகப் போட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அதை விட்டால் கீரனூர் வரைக்கும் நின்றுகொண்டே போக வேண்டும். எதிரே திரையில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு திறந்து கிடந்தது. அதில் முதலாவதாக இருந்த டெம்ப்ளேட்டின் எண் 4172. அதையே எடுத்து உதாரணத்தில் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடமும் கிடைத்தது.

அந்த வாடிக்கையாளர் திருச்சியில் ஒரு பரிசோதனைக் கூடம். 4172 என்பது அவர்கள் நோயாளிகளுக்கு அனுப்புகிற கடிதங்களில் நல்ல கடிதம். "தங்கள் பரிசோதனை முடிவு இயல்பாக உள்ளது. பயப்பட ஒன்றும் இல்லை" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கும். இன்னொரு கடிதமும் உண்டு. "உடனே வீட்டு ஆள் ஒருவருடன் நேரில் வரவும்" என்று இரண்டே வரி. அதற்கு மறுஆய்வுக் கடிதம் என்று பெயர். ஒவ்வொரு முகாமுக்கும் ஒன்றாக அதில் நாலைந்து கிடந்தன.

கந்தர்வக்கோட்டையில் பெண்களுக்கு மார்புக் கட்டி பார்க்கிற இலவச முகாம் நடந்தது. சந்தேகப்பட்டவர்களுக்கு ஊசி போட்டுச் சதை எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு சரியில்லாதவர்களுக்கு மெயில் போட வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண் ஏஜென்டிடம், "கந்தர்வக்கோட்டை கேம்புக்கு மறுஆய்வு லெட்டர் ஒரு காப்பி போட்டு அனுப்பிரு" என்றாள். எந்த லெட்டரைப் பார்த்துக் காப்பி போடுவது என்று சொல்லவில்லை. மனிதனாக இருந்தால் "எதைம்மா?" என்று கேட்பான். ஏஜென்ட் கேட்கவில்லை. எண் தெரியாவிட்டால் கேள் என்று சிவரஞ்சனி எழுதவில்லையே! குறிப்பைப் பார்த்தது, உதாரணத்தில் 4172 இருந்தது, எடுத்துக்கொண்டது. வேறு கம்பெனிக் கணக்காக இருந்தால் அப்படி ஓர் எண்ணே கிடையாது, வேலை நின்றிருக்கும். இது அதே பரிசோதனைக் கூடத்தின் எண்ணாகவே போயிற்று. நகலுக்கு 'கந்தர்வக்கோட்டை முகாம் மறுஆய்வு' என்று சரியாகப் பெயரும் வைத்தது, மெயிலுக்குத் தலைப்பும் அதுதான். அந்தப் பெண் பெயரைப் பார்த்தாள், உள்ளே பார்க்கவில்லை, சரி என்று அமுக்கினாள். கட்டி இருக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் பயப்பட ஒன்றும் இல்லை என்று மெயில் போயிற்று.

மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே வந்தது. குளத்தூர் பக்கத்து டீச்சர் ஒருத்தி வலி குறையவில்லை என்று நேரிலேயே போய் நின்றாள். டாக்டர் ஃபைலைத் திறந்தார், அவள் போனில் இருந்த மெயிலைப் பார்த்தார், அவருக்கே முகம் வெளுத்துவிட்டது.

எழிலரசன் சிவரஞ்சனியை உள்ளறைக்குக் கூப்பிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஏஜென்ட் தான் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைக்கும், நல்ல பிள்ளை. "கருவிக் குறிப்பில் உள்ள உதாரணத்தின்படி 4172 எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று எழுதியிருந்தது. அன்று சிவரஞ்சனி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

குறிப்பை உடனே திருத்தினாள். "எந்த டெம்ப்ளேட் என்று தெளிவாகத் தெரியாவிட்டால் நிறுத்து. பயனரிடம் கேள். நகல் எடுத்தபின் உள்ளடக்கத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கு" என்று எழுதினாள். மூன்று வரி. முன்னாலேயே எழுதியிருக்கலாம். தப்பான மெயில் போனவர்களுக்கெல்லாம் பரிசோதனைக் கூடம் மன்னிப்புக் கேட்டுத் திருத்த மெயில் அனுப்பியது. இரண்டு நாளில் எல்லாப் பெயருக்கும் எதிரே 'திறக்கப்பட்டது' என்று பச்சைப் புள்ளி விழுந்துவிட்டது.

"எல்லாரும் படிச்சுட்டாங்க. டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிரு," என்றார் எழிலரசன்.

அந்தப் புகார்ப் பதிவை மூடுவதற்கு முன் சிவரஞ்சனி மெயில் முகவரிகளைப் பார்த்தாள். நாலு பெயருக்கு எதிரே ஒரே முகவரி. அதுவும் அவளுக்கு மனப்பாடமான முகவரி. அவள் பிறந்தது கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில்தான். பிளஸ் டூ முடித்து காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டபோது அவளும் அதே முகவரியைத்தான் கொடுத்தாள்.

"எழில்ண்ணா, இது பேஷண்டோட ஐடி இல்ல. ஆரோக்கியா நெட் சென்டரு. எங்க பக்கம் மெயில் இல்லாதவுக எல்லாம் கடைக்காரரு ஆரோக்கியதாஸண்ணன் ஐடியத்தான் குடுப்பாக. சேதி வந்தா அவரு போன் பண்ணிச் சொல்லுவாரு. இந்தப் பச்சைப் புள்ளிக்கு அர்த்தம் அவரு படிச்சுட்டாருங்கறதுதான்."

"படிச்சவர் சொல்லிருப்பாரும்மா."

"சொல்லலைன்னா?"

"லேப்ல இருந்து போன் பண்ணியும் பேசிட்டாங்க. போன் எடுத்தவர் சொல்லிர்றேங்கன்னு சொன்னாராம்."

"அந்தப் போன் நம்பரும் அவருதுதாண்ணா!"

எழிலரசன் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது, அந்த ஆளுக்கும் மேலே வக்கீல் இருக்கிறார். "ரஞ்சனி, நல்லாக் கேட்டுக்க. பேஷண்ட்கிட்ட பேசுறது லேப்போட வேலை. நீ போய் நின்னா, தப்பு நம்மளுதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. உன் வேலைக்கு நீயே உலை வச்சுக்காத," என்றார்.

சிவரஞ்சனி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது அந்த நாலு பெயரும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தன. வீட்டில் கணவன் சரவணக்குமார், "நீ என்ன வேணும்னா பண்ணுன?" என்று ஆறுதல் சொன்னான். வேண்டுமென்று செய்திருந்தால்கூட யாரையாவது பழி வாங்கினோம் என்று இருக்கும், ஜன்னல் ஓர சீட்டுக்காகச் செய்தேனே என்று அவனிடம் எரிந்து விழுந்தாள். பாவம் அவன், போய் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் கந்தர்வக்கோட்டைக்குக் கிளம்பிவிட்டாள். மழை பொய்த்த வருசம், கண்மாய்களில் தண்ணீர் இல்லை. முந்திரித் தோப்புகள் மட்டும் பூத்துக்கொண்டிருந்தன. வழியெல்லாம் ஆரோக்கியதாஸ் எல்லாருக்கும் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள்.

கடையில் ஜெராக்ஸ் மிஷின் சூட்டில் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார் ஆரோக்கியதாஸ். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடை. ஆதார், கரண்டு பில், பாஸ்போர்ட், லேமினேஷன், சகலமும் அங்கேதான்.

"எம்மா, ரஞ்சனிப் பாப்பாவா! எம்புட்டு நாளாச்சு! கல்யாணத்துக்குப் பத்திரிகை கூட வைக்கலையே நீ?" என்று சிரித்தவர், அவள் வந்த காரியத்தைச் சொன்னதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அந்த மெயில அனுப்புன கம்பெனியிலயா இருக்க?"

"ஆமாண்ணே. நாலு பேருக்கும் சொல்லிட்டீங்களா?"

"மூணு பேருக்குச் சொல்லிட்டேன். வீட்டு ஆம்பளைகளை வரச்சொல்லி, நேர்ல வச்சு, பையச் சொன்னேன். போன்ல நல்ல சேதிதான் சொல்றது, கெட்டத நான் போன்ல சொல்றதில்ல. மூணு பேரும் திருச்சிக்குப் போயிட்டு வந்துட்டாக." அவர் கழுத்து வேர்வையைத் துடைத்தார். "செவந்திக்குத்தான் சொல்லல."

"ஏண்ணே?"

"எப்புடிச் சொல்றது? நார்மல்னு வந்துச்சுல்ல, அதுக்கு கருப்பருக்குக் கெடா வெட்டுறதா நேந்துக்கிட்டா. திருத்தி மெயில் வந்த அன்னைக்குச் சொல்லத்தான் போனேன். வாசல்ல மாவிலை தொங்குது. காப்புக் கட்டி விரதம் இருக்கா. காப்புக் கட்டுன வீட்ல போயி அந்தச் சேதிய எந்த வாயால சொல்றது? எனக்கு வேற சாமின்னாலும் சாமி சாமிதான? காப்பு அவுக்கட்டும்னு திரும்பி வந்துட்டேன். அவ வீட்டுக்காரரு நாகராசு கத்தார்ல கெடக்காரு. அவருக்கிட்ட போன்ல சொல்லி, அந்த மனுசன் அங்கிட்டுத் தனியா என்ன செய்வாரு?"

"கெடா வெட்டு எப்பண்ணே?"

"இன்னைக்குத்தான். என்னையும் சாப்புடக் கூப்பிட்டிருக்கா. போகத்தான் மனசு வரல." திடீரென்று அவர் குரல் உடைந்தது. "மொத மெயில் வந்தப்ப நான்தான் பாப்பா கலர்ல பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டுக் குடுத்தேன். காசு கூட வாங்கல. பத்தரமா வச்சுக்க செவந்தின்னு சொல்லிக் குடுத்தேன்."

சிவரஞ்சனிக்கு அவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு பொம்பளையின் உயிராயிற்றே, காப்பாவது கத்திரிக்காயாவது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் தான் யார் அதைச் சொல்ல என்று அடங்கிப்போனாள். அவர் தள்ளிப்போட்டது நாலு நாள். அவள் தள்ளிவிட்டது மூன்று வாரம்.

"வாங்கண்ணே, போவோம்," என்றாள்.

கருப்பர் கோயில் ஊருக்கு வெளியே முந்திரித் தோப்புக்குள் இருந்தது. கோயில் என்றால் சுவர் கூரை எல்லாம் கிடையாது. ஒரு கல், நாலு அரிவாள், மேலே வேம்பு. வெட்டு முடிந்து கறி கொதித்துக்கொண்டிருந்தது. சாமியானா போட்டு முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் சேலை கட்டி, கையில் குழம்பு வாளியோடு இலை இலையாகப் போய்க்கொண்டிருந்தவளை ஆரோக்கியதாஸ் காட்டினார். நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம், சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கிற பொம்பளை.

"வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று அவள் ஆரோக்கியதாஸைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கூட யாரு? தங்கச்சியா? உக்காரு தாயி, மொத எலையில உக்காரு. சொர்ணம், இங்கிட்டு ரெண்டு எலை போடு!"

சொர்ணம் என்கிற நாத்தனார் வந்து இலை போட்டாள். சிவரஞ்சனியை யாரும் ஒரு வார்த்தை பேச விடவில்லை. சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, ஈரல் துண்டு ஒன்று தனியாக வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கருப்பர் கல்லின் மேல் சாய்த்து வைத்த லேமினேஷன் காகிதம் வெயிலில் பளபளத்தது. அதற்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். 'கந்தர்வக்கோட்டை முகாம் மறுஆய்வு' என்று மேலே தடித்த எழுத்து. அதற்குக் கீழே பயப்பட ஒன்றும் இல்லை.

அவள் சோற்றைக் குழம்போடு பிசைந்தாள். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. பக்கத்து இலையில் ஆரோக்கியதாஸும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "பந்தி முடியட்டும் பாப்பா," என்று மெதுவாகச் சொன்னார்.

செவந்தி இரண்டாம் முறை வாளியோடு வந்தவள் இவர்கள் இலைகளைப் பார்த்து நின்றுவிட்டாள். "ஏன் தாயி, கறி பிடிக்காதா? ரசம் ஊத்தவா?"

"அக்கா, ஒங்ககிட்ட ஒரு நிமிசம் தனியாப் பேசணும்."

செவந்தி அவள் முகத்தைப் பார்த்தாள். ஆரோக்கியதாஸின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வாளியைச் சொர்ணத்திடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வேப்ப நிழலுக்குப் போய் நின்றாள். சிவரஞ்சனி கையைக் கூடக் கழுவாமல் பின்னாலேயே போனாள்.

"நான் திருச்சில இருந்து வாரேங்கக்கா. ஒங்களுக்கு ஒரு மெயில் வந்துச்சுல்ல..."

"நீ லேப்புப் பொண்ணா?"

"இல்லக்கா. அந்த மெயில அனுப்புற மெஷினுக்கு, எப்புடி அனுப்பணும்னு எழுதிக் குடுக்குறவ. நான் எழுதுனதுல தப்பு நடந்துபோச்சு. அது ஒங்களுக்கு வர வேண்டிய மெயில் இல்லக்கா. வேற மெயில் வந்துருக்கணும். நீங்க ஒடனே திருச்சிக்கு வரணும், டாக்டரப் பாக்கணும்."

சொல்லிவிட்டாள். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த நல்ல வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. செவந்தி அடித்துவிட்டால்கூடத் தேவலை என்று நின்றாள். செவந்தி முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும் தாயி," என்றாள்.

"ஆரோக்கியண்ணன் சொல்லிட்டாரா?"

"அவரு என்னத்தச் சொல்றது! என் கையே சொல்லுச்சு. தெனமும் குளிக்கயில தொட்டுப் பாப்பேன். கேம்புக்குப் போனப்ப புளியங்கொட்டை கணக்கா இருந்துச்சு. போன வாரம் தொட்டேன், நெல்லிக்கா கணக்கா இருக்கு. அக்குள்லயும் ஒண்ணு வந்துருக்கு."

"அப்ப ஏங்க்கா சும்மா இருந்தீங்க? நேர்ல ஒரு எட்டுப் போயிருக்கலாமேக்கா!" அழுகையும் ஆத்திரமுமாக வந்தது சிவரஞ்சனிக்கு.

"போயி என்னன்னு சொல்ல? பேப்பர்ல நார்மல்னு போட்டுருக்கு. தமிழ்ல போட்டுருக்கு, இங்கிலீசுல போட்டுருக்கு. அண்ணன் லேமினேஷன் வேற பண்ணிக் குடுத்துட்டாரு. எங்க வீட்டுக்காரரு போன்லயே அழுதாக, ஆம்பளை அழுது நான் கேட்டதில்ல. சொர்ணம் தெருவுக்கே மிட்டாய் குடுத்தா. அம்புட்டுப் பேரும் பேப்பர நம்புறாக. படிச்சவுக எழுதுனது தப்பு, எங்கைதான் சரின்னு சொல்ல நான் யாரு தாயி? எங்கைதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்." அவள் கல்லின் மேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். "நார்மல்னு வந்ததுக்காகக் கெடா வெட்டுறேன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காக. அதுக்கில்ல. எங்கை பொய்யா இருக்கணும் கருப்பான்னு வேண்டிக்கிட்டேன். அதுக்குத்தான் இந்தக் கெடா."

சிவரஞ்சனி வாய்விட்டு அழுதுவிட்டாள். அழ வேண்டியவள் அழாமல் நிற்க, வந்தவள் அழுகிறாளே என்று வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. செவந்தி அவளைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. டிரம்மிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அவளிடம் நீட்டினாள். "கையக் கழுவு. கொழம்பு காஞ்சுபோச்சு," என்றாள்.

"நாளைக்கே வந்துருங்கக்கா. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். டாக்டருகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். இன்னும் ஒண்ணும் முடிஞ்சு போகல."

"வாரேன். வராம எங்க போகப் போறேன்? எம்மவ இன்னும் ஒம்பதாவதுதான் படிக்கிறா." அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. "மூணு வாரம் போச்சே தாயி. நீயே சொல்லு, மூணு வாரத்துல ஏதும் ஆயிருக்குமா?"

சிவரஞ்சனிக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை. இந்தப் பொம்பளைக்கு ஏற்கெனவே அந்த மாதிரி ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்துதான் இந்த நிலைமை. "தெரியலக்கா," என்றாள்.

செவந்தி தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. வீடியோ கால். எடுத்துப் பார்த்தவள் முதல்முறையாகப் பதறிப்போனாள்.

"அவுகதான். சாப்பாட்டு நேரத்துல கூப்புடுறேன், பந்திய காமின்னு சொல்லிருந்தாக." போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதைச் சிவரஞ்சனியின் கையில் வைத்தாள். "நீயே சொல்லு."

"அக்கா, நானா?"

"எனக்கு வாய் வராது. நான் சொன்னா, பேப்பர்ல நார்மல்னு இருக்கேடி, நீயா ஏன் கண்டதையும் நெனைக்கிறன்னுதான் சொல்லுவாக. போன வாரம் சொன்னப்பவும் அப்புடித்தான் சொன்னாக. நல்ல சேதி ஒங்க பக்கம் இருந்துதான வந்துச்சு? இதையும் நீங்களே சொல்லுங்க. மெயில்ல போட வேணாம். வாயால சொல்லு."

சிவரஞ்சனி பச்சைப் பொத்தானை அமுக்கினாள். திரையில் ஹெல்மெட் போட்ட ஒரு முகம் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தது. பின்னால் பாதி கட்டிய கட்டடம். நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக் கையாட்டினார்கள்.

"செவந்தி, கறி ஆச்சா? இங்க எல்லாரும் கேக்குறாய்ங்க, பந்திய காமி!" என்ற நாகராசு, முகம் வேறாக இருப்பதைப் பார்த்து, "யாரும்மா நீ? சொந்தக்காரப் பொண்ணா?" என்றார்.

"அண்ணே, நான் திருச்சில இருந்து வந்துருக்கேன். அக்காவுக்கு வந்த மெயில் தப்புண்ணே. அக்காவுக்கு நார்மல் இல்ல."

அவர் சிரிப்பு மாறவில்லை. காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டார். "என்னம்மா சொல்ற? இங்கிட்டு மெஷின் சத்தம். அங்கிட்டும் ஒரே சத்தமா இருக்கு. கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

சிவரஞ்சனி செவந்தியைப் பார்த்தாள். செவந்தி பந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொர்ணம் யாருக்கோ சோறு போட்டபடி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படிக்கிற மகள் அப்பாவிடம் பேச வேண்டும் என்று கையைக் கழுவிக்கொண்டு இந்தப் பக்கமாக ஓடி வந்துகொண்டிருந்தாள்.

சிவரஞ்சனி மறுபடியும் சொன்னாள். இந்த முறை அவருக்குக் கேட்கிற மாதிரி, தோப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். பந்தியில் எல்லார் கையும் இலையிலேயே நின்றுவிட்டது.